பிஸ்கட் நிறம்

மில்டுரா
25 பிப்ரவரி 1968

அன்புள்ள தெல்மா,

நான் சுகம். நாய் சுகம். வண்டி மட்டும் சுகமில்ல. நீ உங்க அக்கா வீட்டுக்கு பஸ் ஏறும்போது, "போறதுன்னா போ, என் வண்டிக்கு நீ வேண்டாம், கார்புரேட்டர் ஜெட்டுல ஒரு துளை போட எனக்குத் தெரியாதா?"ன்னு கேட்டேன்ல? போட்டேன். நேத்து மண்தட ரேஸ்ல வண்டி கிழட்டு ஆடு மாதிரி இருமிச்சு. பின்னாடி ஒரே கறுப்புப் புகை. ரெக் ஹான்காக் என்னைத் தாண்டிப் போறப்போ கைய வேற ஆட்டிட்டுப் போறான், பாவி!

ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி புகையிலை டப்பாவுல போட்டு அனுப்பியிருக்கேன். நீ பார்த்தா புரியும். கெஞ்சுறேன்னு நினைச்சுடாதே. கேக்குறேன், அவ்வளவுதான். மேவிஸ் அக்காவை விசாரிச்சதா சொல்லு.

இன்னமும் உன் புருஷன்,
லான்ஸ்

டுவும்பா
3 மார்ச் 1968

அன்புள்ள பிடிவாதக்காரனுக்கு,

டப்பாவை அக்கா கடையில, சாண்ட்விச் வெட்டுற பலகை மேல வெச்சுத் திறந்துட்டேன். அவ போட்ட சத்தத்துல சாப்பிட வந்தவங்களே எழுந்துட்டாங்க!

பிளக் அடுப்புக்கரியா இருக்கு. ஜெட் துளை வழியா என்ஜினுக்குப் பெட்ரோல் தேவைக்கு மேல போகுது. கரண்டு டிரில்லை வெச்சுத்தானே துளைச்சே? பொய் சொல்லாதே. அத்தனூண்டு பித்தளைக்கு அந்த ராட்சசனை எடுத்தா துளை பெருசாகாம என்ன ஆகும்?

போகட்டும், பெருசான துளைக்கும் வழி இருக்கு. ஈயத்தை உருக்கி அடைச்சுட்டு மறுபடி துளை. என் தையல் பெட்டியில பிடி போட்ட ஊசி டிரில் இருக்கும். அதை விரல்ல மெதுவா உருட்டு. அவசரப்படாதே. முடிச்சதும் ஜெட் மேல குத்தியிருக்கிற நம்பரை ராவி அழிச்சுடு. துளை மாறினப்புறம் அந்த நம்பர் பொய். பிளக் பிஸ்கட் நிறத்துல வந்தா எல்லாம் சரின்னு அர்த்தம்.

அப்புறம் ஒரு விஷயம். அக்கா கடையில பாதிப் பங்கு தரேன், இங்கேயே இருந்துடுங்கிறா. ஈஸ்டருக்குள்ள பதில் சொல்லணுமாம்.

தெல்மா

மில்டுரா
10 மார்ச் 1968

அன்புள்ள தெல்மா,

நீ சொன்னபடியே ஈயம் வெச்சு, விரலால உருட்டி, நம்பரை ராவி, எல்லாம் செஞ்சேன். விரல் நுனி புண்ணாப் போச்சு. ஆனா பாரு, பிளக் இன்னமும் கறுப்புதான்! இத்தோட அனுப்பியிருக்கேன். எங்க தப்புன்னு நீதான் சொல்லணும்.

பக்கத்துத் தோட்டத்துல காயப்போட்ட திராட்சை மழையில நனைஞ்சு வீணாப்போச்சு. நாய் உன் செருப்பு மேலதான் படுக்குது. எழுப்பினா உறுமுது.

லான்ஸ்

டுவும்பா
17 மார்ச் 1968

அன்புள்ள லான்ஸ்,

பிளக் வந்துச்சு. கறுப்புதான். ஆச்சரியமா இருக்கு. துளையை இன்னும் மயிரிழை சின்னதாக்கிப் பாரு. அடுத்த பிளக்கையும் தவறாம அனுப்பு. கூடவே கடுதாசியையும் கொஞ்சம் நீளமா எழுது. ஒரு பக்கத்தை வெச்சுக்கிட்டு நான் என்னத்தைக் கண்டுபிடிக்க?

பெயின்டர் வந்து புதுப் போர்டுக்கு அளவெடுத்துட்டுப் போனான். "மேவிஸ் – தெல்மா"ன்னு எழுதணுமாம். போன கடுதாசியில அக்கா தர்ற பங்கைப் பத்தி எழுதினேனே, அதுக்கு உன்கிட்டேருந்து ஒரு வார்த்தை இல்ல. உனக்கு ஜெட்டைத் தவிர உலகத்துல ஒண்ணுமே இல்லையா?

தெல்மா

மில்டுரா
24 மார்ச் 1968

அன்புள்ள தெல்மா,

நீளமா எழுதச் சொன்னே. சரி. ஆட்டு சாப்ஸ் பொரிச்சேன், கருகிடுச்சு. மறுநாளும் பொரிச்சேன், மறுபடி கருகிடுச்சு. உன் எலுமிச்சைச் செடிக்குத் தண்ணி ஊத்துறேன். ரேஸ்ல நாலாவதா வந்தேன். மூணாவது பிளக்கும் கறுப்பு, எனக்கு ஒண்ணும் ஓடல.

போர்டுல உன் பேர் அழகாத்தான் இருக்கும். உன் இஷ்டம். நான் என்ன சொல்ல?

லான்ஸ்

டுவும்பா
30 மார்ச் 1968

லான்ஸ்,

பிளக்கைத் துணியால தொடைச்சேன். கரி வழுக்கிட்டு வந்துடுச்சு. மோந்து பார்த்தேன். மெழுகு வாசம்! ஏன்யா, எந்த சிலிண்டர்ல மெழுகுவத்தி ஏத்தி வெச்சிருக்கே? கரிக்கு அடியில பார்த்தா அருமையான பிஸ்கட் நிறம். வண்டி ராஜாவாட்டம் ஓடுது, நீ பிளக்கை மெழுகுவத்தியில காட்டிக் காட்டி எனக்கு அனுப்புறே!

சிரிச்சு முடிச்சதும் எனக்குக் கோபம் வந்துச்சு. அக்காவுக்குப் பதில் சொல்லாம நான் எதுக்கு இழுத்துட்டிருக்கேன்? நீ வான்னு ஒரு வார்த்தை எழுதுவேன்னுதான். நீயோ, உன் இஷ்டங்கிறே! ஜெட்டு, பிளக்குன்னு பேச்சே இல்லாம ஒரு கடுதாசி எழுது பார்ப்போம். முடியலேன்னா சொல்லிடு. பெயின்டர் காத்துட்டிருக்கான்.

தெல்மா

மில்டுரா
4 ஏப்ரல் 1968

அன்புள்ள தெல்மா,

எழுதி எழுதிக் கிழிச்சுப் போட்டுட்டேன். இதுதான் கடைசித் தாள்.

நாலாவதா வந்தேன்னு எழுதினது பொய். ஜெயிச்சேன். ரெக்குக்கு நான் கையாட்டினேன். கோப்பையோட வீட்டுக்கு வந்தா காட்ட ஆளில்ல. நாய்கிட்ட காட்டினேன். மோந்து பார்த்துட்டு உன் செருப்புகிட்டப் போயிடுச்சு. வெறுப்பா வந்துச்சு.

என் வண்டிக்கு நீ வேண்டாம்னு அன்னைக்குச் சொன்னேன். அது நிஜம்தான், வண்டி இப்போ தானா ஓடுது. எனக்குத்தான் நீ வேணும். வா.

லான்ஸ்

டுவும்பா
8 ஏப்ரல் 1968

என் அன்புள்ள லான்ஸ்,

அக்கா முதல்ல அழுதா, அப்புறம் உன்னைத் திட்டினா, அப்புறம் வழிக்கு சாண்ட்விச் கட்டித் தரேன்னா. போர்டுல அவ பேரை மட்டும் பெருசா எழுதச் சொல்லிட்டா. கடையில இருந்தவங்களுக்கெல்லாம் ஓசி டீ.

சனிக்கிழமை பஸ்ல வரேன். கோப்பையை எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடு. நாயையும் கூட்டிட்டு வா. சாப்ஸ் மட்டும் பொரிக்காதே, நான் வந்து பார்த்துக்கறேன்.

உன்,
தெல்மா

பி.கு.: மூணாவது பிளக்குலதான் நான் கண்டுபிடிச்சேன்னு நினைச்சிட்டிருக்கியா? ரெண்டாவது டப்பாவைத் திறந்ததுமே மெழுகு வாசம். சொல்லிட்டா நீ கடுதாசி போடுறதை நிறுத்திடுவியேன்னுதான் இன்னொண்ணு அனுப்பச் சொன்னேன்.