தாளத்துக்கு மிதிக்கும் கால்

அன்புள்ள அம்மாவுக்கு, நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

எங்கள் சூப்பர்வைசர் ஓர் இசைப் பைத்தியம். ஒரே துண்டு இசை திரும்பத் திரும்பச் சுற்றும் பழைய ஆல்பம் ஒன்றை நாள் முழுக்கப் போடுவார்.

"லூப் மியூசிக்குக்கே ஆதி இதுதான்டா. ரசிச்சுக்கிட்டே மிதி."

தகடு வெட்டும் பிரஸ்ஸைக் கால் தானாக அந்தத் தாளத்துக்கு மிதிக்கும். வாரந்தோறும் பாட்டின் வேகத்தைக் கூட்டுகிறார். அவருக்கு ரசனை, முதலாளிக்கு லாபம். நேற்று பக்கத்து பிரஸ் அண்ணனுக்குக் கையில் சின்ன அடி. அவரைத் தூக்கிக்கொண்டு போனபோதும் பாட்டு நிற்கவில்லை. எங்கள் கால்களும் நிற்கவில்லை. கவலைப்படாதீர்கள்.

காதில் வைக்கக் கொஞ்சம் பஞ்சு அனுப்புங்கள். என்னைத் திட்டி போனில் பதிந்தும் அனுப்புங்கள். நீங்கள் ஒரு வசவை இரண்டாம் முறை சொன்னதே இல்லை; அதற்குக் கால் தாளம் பிடிக்க முடியாது.

இன்று முதல் அண்ணனின் பிரஸ் எனக்கு. பாட்டைப் போட்டுவிட்டார், போகிறேன்.

உங்கள் மகன்