என் தொண்டையைத் திருடிய கேசட்

தந்தா,
3 பிப்ரவரி 1988

நைல் நதியே நின்று கேட்கும் குரல்காரியும், என் அக்காள் பெற்றதில் உருப்பட்ட ஒரே பிறவியும், ஆறு மாதமாய் மாமனுக்கு ஒரு வரி எழுதாத அழுத்தக்காரியுமான ஃபிர்தௌஸுக்கு,

கடலைக்கடை ஹசனைன் மாமன் ஆயிரம் சலாமும் இரண்டாயிரம் திட்டும் அனுப்புகிறேன். தொலைபேசியில் திட்டலாம் என்றால் உன் மேலாளன் ஃபிக்ரி எடுத்து, "மேடம் தூங்குறாங்க" என்கிறான். பகல் இரண்டு மணிக்கு! மம்மிகள்கூட அவ்வளவு தூங்குவதில்லை.

உன் புதுக் கேசட்டைக் கேட்டேன். அன்றிலிருந்து எனக்கு ரொட்டி இறங்கவில்லை. காதை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்துவிட்டேன், நாற்றம் போகவில்லை. வசந்தப் பண்டிகைக்கு நாம் தின்னும் ஃபசீக் கருவாடும் நாறத்தான் செய்யும். ஆனால் 'நான் அழுகிய மீன்' என்று நேர்மையாகச் சொல்லிவிட்டு நாறும். உன் கேசட் அத்தர் பூசிக்கொண்டு நாறுகிறது.

நடந்ததைச் சொல்கிறேன். காப்பிக்கடையில் தந்தா நகரமே உட்கார்ந்திருக்கிறது, ஒரு முப்பது பேர். நீ பாடுகிறாய், 'என் வீட்டு விளக்கு அணைந்தது' என்று. உடனே பின்னாலிருந்து ஒருவன் "அல்லாஆஆஹ்!" என்று சொக்கிப்போய்க் கத்துகிறான். 'அம்மாவின் தலையணை இன்னும் ஈரம்' என்கிறாய். மறுபடி "அல்லாஆஆஹ்!" எந்த மடையனடா இவன் என்று திரும்பினேன். கடையே என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. அந்த மடையன் நான்!

நாவிதர் ஷஹாத்தா கேட்கிறார், "ஏன் ஹசனைன், அடுத்தவன் வீட்டு விளக்கு அணைஞ்சா உனக்கு அவ்வளவு குஷியா?" பக்கத்தில் இருந்தவன், "மருமக தும்மினாக்கூட அண்ணன் இப்படித்தான் கத்துவாரு போல" என்கிறான்.

மன்சூரா ஊர்க் கச்சேரியில் என்றைக்கோ நீ பாடி, நான் உருகிக் கத்திய கத்தலை வெட்டியெடுத்து, வரிக்கு வரி ஒட்டியிருக்கிறீர்கள். ஒரே கத்தல், ஒரே நீளம், கடைசியில் ஒரே இருமல். செத்த ஆட்டின் தலையை எடுத்து உயிரோடிருக்கும் ஆடுகளுக்கெல்லாம் தைத்த மாதிரி இருக்கிறது.

உனக்குப் பதினாலு வயதில் நாம் பேசிக்கொண்டதை மறந்துவிட்டாயா? மற்ற பாடகிகள், கூட்டம் கத்தினால் அதே வரியைத் திரும்பப் பாடுவார்கள். நமக்குத் தலைகீழ். நான் 'அல்லாஹ்' என்றால் அந்த வரி தேறியது, அடுத்ததற்குப் போ. நான் வாயை மூடியிருந்தால் திரும்பப் பாடு. வயலின்காரனிலிருந்து கானூன் மீட்டும் ரிஃப்அத் வரை எல்லாரும் என் வாயைப் பார்த்துத்தான் வாசித்தார்கள். இப்போது அந்த வாயை டப்பாவில் அடைத்துவிட்டீர்கள்.

பதில் போடு. இல்லாவிட்டால் பிரமிடைப் பெயர்த்துக்கொண்டு வந்து உன் வீட்டு வாசலில் வைப்பேன்.

அருவருப்போடும் அதைவிட அதிக அன்போடும்,
ஹசனைன் மாமன்

*

கெய்ரோ,
12 பிப்ரவரி 1988

என் அன்பு மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. படித்துச் சிரித்தேன். பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நீங்கள் அனுப்பிய கடலையும் வந்தது. வழக்கம்போல உப்பு அதிகம்.

அந்தக் கத்தலை ஒட்டியது ஃபிக்ரிதான். நான் தடுக்கவில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் எனக்கு முன்னால் ஒரு சுவர் இருக்கிறது மாமா. பஞ்சு ஒட்டிய சுவர். ஒரு வரி பாடிவிட்டு அதைப் பார்க்கிறேன். அது நன்றாயிருக்கிறது என்றும் சொல்லாது, திரும்பப் பாடு என்றும் சொல்லாது. அதனால் உங்கள் கத்தலை ஃபிக்ரி போட்டுக் காட்டியபோது, நீங்களே பக்கத்தில் இருப்பதுபோல் இருந்தது. அசிங்கம்தான். ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது வேறு யாருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். எனக்கு மேல் சுரங்கள் வருவதில்லை. கோடையிலிருந்தே இல்லை. ஏறிப்போனால் அங்கே படியே இல்லாததுபோல் கால் வழுக்குகிறது. கேசட்டில் நீங்கள் கேட்ட உச்சங்கள் பழைய பதிவுகளிலிருந்து எடுத்தவை. மருத்துவர், "பேசாம இரும்மா" என்கிறார். பேசாமல் இருக்கப் பாடகி எதற்கு?

மார்ச் பத்தாம் தேதி வியாழக்கிழமை இங்கே பெரிய கச்சேரி. தொலைக்காட்சிக்காரர்கள் வருகிறார்கள். அன்றைக்கு முழுவதும் ஒலிநாடாதான் பாடும். "நீங்க வாயை மட்டும் அசைங்க மேடம், மிச்சத்தை மெஷின் பாத்துக்கும்" என்கிறார் ஃபிக்ரி. சம்மதித்துவிட்டேன். முன்வரிசையில் உங்களுக்கு இடம் வைத்திருக்கிறேன். நீங்கள் எதுவும் கத்த வேண்டாம். உங்கள் முகம் தெரிந்தால் போதும்.

உங்கள்
ஃபிர்தௌஸ்

*

தந்தா,
17 பிப்ரவரி 1988

உப்பு அதிகம் என்று சொல்லத் துணிந்த ஃபிர்தௌஸுக்கு,

உன் கடிதத்தைப் படித்தபோது கடலை வறுத்துக்கொண்டிருந்தேன். ஒரு சட்டி கருகிப்போனது. தெருவே புகை. தீயணைப்பு வண்டிகள் அலெக்சாண்டிரியாவிலிருந்து கிளம்பிவிட்டதாகக் கேள்வி.

என் கண்ணே, மேல் படி இல்லை என்றால் கீழ் வீட்டில் குடியிரு. சுருதியை இறக்கச் சொல். ரிஃப்அத்துக்குக் கம்பிகளைத் தளர்த்தக் கை இருக்கிறதல்லவா? உன் அம்மா மாவு பிசைந்துகொண்டே பாடுவாளே, எந்த உச்சத்துக்குப் போனாள்? கீழேயே நின்று அடிவயிற்றைப் பிடித்து இழுத்தாள். பக்கத்து வீட்டு எருமைகூடப் பால் விட்டது.

ஆனால் நாடா பாட, நீ மீன்போல வாயைத் திறந்து மூடுவதை நான் பார்க்க மாட்டேன். நினைத்தாலே குமட்டுகிறது. விருந்துக்குக் கூப்பிட்டு, இன்னொருவன் மென்று துப்பியதைத் தட்டில் வைப்பதுதான் அது. நீ துப்பியதாகவே இருந்தாலும் துப்பியது துப்பியதுதான்.

உன் தொண்டையால் பாடுவதாக இருந்தால் வருகிறேன். முன்வரிசையில் உட்காருகிறேன். பழைய பேச்சு பேச்சுதான்: நன்றாயிருந்தால் கத்துவேன், இல்லாவிட்டால் வாயைத் திறக்க மாட்டேன். நீ திரும்பப் பாடு. பத்து தரமானாலும் பாடு. விடியட்டும், என்ன கெட்டுப்போகிறது? சூரியனைக் கொஞ்சம் நிற்கச் சொல்லிக்கொள்ளலாம்.

கடையைச் சாத்திவிட்டு வரும்
ஹசனைன் மாமன்

*

கெய்ரோ,
13 மார்ச் 1988

மாமாவுக்கு,

பாட்டு முடிந்ததும் உங்களைத் தேடினேன். இடம் காலியாக இருந்தது. சொல்லாமல் போய்விட்டீர்கள். போவீர்கள். செய்த காரியம் அப்படி.

நீங்கள் சொன்னதைத்தான் செய்தேன். சுருதியை இறக்கினேன். திரை தூக்குவதற்கு முன் ஃபிக்ரியிடம், "நாடா வேண்டாம், நிறுத்துங்க" என்றேன். அவர் முகம் வெளுத்துப்போனது. "உங்களுக்குப் பைத்தியமா மேடம்? நாடே பாக்குது!" என்றார். பார்க்கட்டும் என்றேன். முதல் வரியைப் பாடினேன். நீங்கள் கண்ணை மூடி "அல்லாஹ்" என்றீர்கள். எனக்குப் பதினாலு வயதாகிவிட்டது மாமா. எத்தனை நாளாயிற்று!

பிறகு அந்த வரி. 'உன் வாசலைக் கடந்து போனேன், என் நிழல் மட்டும் நின்றுவிட்டது.' 'நிழல்' என்ற இடத்தில் என் குரல் உடைந்தது. எனக்குத் தெரிந்தது, நாலாயிரம் பேருக்கும் தெரிந்தது. நான் பயப்படவில்லை. மாமா வாயைத் திறக்க மாட்டார், நான் திரும்பப் பாடுவேன், இந்தத் தடவை சரியாக வரும் என்று கண்ணை மூடி மூச்சை இழுத்தேன்.

"அல்லாஆஆஹ்!" என்றீர்கள்.

அந்த உடைசலுக்கு! ரிஃப்அத் தலையை ஆட்டி அடுத்த வரிக்குப் போய்விட்டார், எல்லா வாத்தியமும் கூடவே போய்விட்டது. இழுத்த மூச்சோடு நான் நின்றேன். அதற்குப் பிறகு என்ன பாடினேன் என்றே தெரியாது.

இந்த ஊரில் எல்லாரும் என்னிடம் பொய் சொல்கிறார்கள். ஃபிக்ரி, தையல்காரி, பத்திரிகைக்காரர்கள், பூங்கொத்தோடு வருகிற பாஷாக்களின் பேரன்கள். பழகிவிட்டது. நீங்கள் ஒருவர்தான் பாக்கி இருந்தீர்கள். இரக்கப்பட்டீர்களா? கிழட்டுப் பாடகிக்குப் பிச்சையா? எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. நாடா பரவாயில்லை. அதற்கு இரக்கம் கிடையாது.

அடுத்த மாதம் குவைத்துக்குப் போகிறேன், நாடாவோடு. இனி என் கச்சேரிக்கு வர வேண்டாம்.

ஃபிர்தௌஸ்

*

தந்தா,
17 மார்ச் 1988

ஃபிர்தௌஸுக்கு,

நான் கத்தவில்லை.

முதல் வரிக்குக் கத்தியது நான். அது என் தொண்டை. இரண்டாவது வரி உடைந்தபோது வாயை இறுக மூடியிருந்தேன். திரும்பப் பாடு, திரும்பப் பாடு என்று முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது என் தலைக்கு மேல் தொங்கிய ஒலிபெருக்கியிலிருந்து நான் கத்தினேன். மன்சூராவில் கத்திய அதே கத்தல். கடைசியில் அதே இருமல்.

பக்கத்தில் ஒரு தடித்த அம்மாள், பட்டு உடுப்பு. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வாயைத் தொறக்காமலே கத்துறீங்களே ஹாஜி, வயித்துக்குள்ள யாரையாவது வச்சிருக்கீங்களா?" என்றாள். பின்வரிசையில் ஒருவன், "கூலிக்குக் கத்துறவன்மா அவன், கண்டுக்காத" என்றான். யாரோ சிரித்தார்கள். எனக்கு வாந்தி வந்தது. நிஜமாகவே வந்தது, வெளியே ஓடி நடைபாதை ஓரத்தில் எடுத்தேன். அதனால்தான் இடம் காலி.

நாடாவை முழுக்க நிறுத்த அந்த ஃபிக்ரிக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. பாட்டை நிறுத்திவிட்டு என்னை மட்டும் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

நான் பொய்யன்தான் அம்மா. என் கடலையைத் தின்று நொண்டி எழுந்து நடந்தான் என்று சந்தையில் கூவுகிறவன். எருமை பால் விட்டது பொய். தீயணைப்பு வண்டி பொய். அந்த ஒரு சொல்லில் மட்டும் பொய் சொன்னதில்லை. அதிலும் என் குரலை வைத்தே பொய் சொல்லவைத்துவிட்டார்கள்.

உன் வரி உடைந்துதான் போனது. நன்றாக இல்லை. திரும்பப் பாடியிருந்தால் வந்திருக்கும்.

ஹசனைன்

*

கெய்ரோ,
22 மார்ச் 1988

மாமா,

ஒலிக்கருவிக்காரரைக் கூப்பிட்டு நேரே கேட்டேன். முதலில் தெரியாது என்றார். பிறகு, "ஃபிக்ரி சார்தான் கையைக் காட்டினாரு மேடம். 'விழுந்துட்டா, கிழவனைப் போடு'ன்னாரு" என்றார். ஃபிக்ரியைக் கேட்டேன். "உங்களைக் காப்பாத்தினேன்" என்கிறார். நாடா இல்லையென்றால் குவைத்தும் இல்லையாம். சரி, குவைத் இல்லை. ஃபிக்ரியும் இல்லை.

வரும் வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்ததும் தந்தாவுக்கு வருகிறேன். ரிஃப்அத்தையும் கூட்டி வருகிறேன். காப்பிக்கடையில் இடம் போட்டு வையுங்கள். ஒலிபெருக்கி கூடாது. அந்த ஒரு வரியை மட்டும் பாடப்போகிறேன்.

வரி தேறாவிட்டால், எனக்காக வாயைத் திறந்துவிடாதீர்கள்.

ஃபிர்தௌஸ்