கிரீஸ் படாத கோட்டு

ஜூன் 2
மகள் மிளகுக்குப் பள்ளிச் சீருடை வந்துவிட்டது. வெள்ளைக் கோட்டு, வெள்ளைச் சட்டை, நீலக் கால்சட்டை, டை. நாலு வயதுப் பிள்ளைக்கு. பில்லைப் பார்த்ததும் வாயடைத்துப் போனேன். "மந்திரி சபைக்கா போறா?" என்றேன். மனைவி காதில் வாங்கவில்லை.

பிறகு மகளுக்குப் போட்டுவிட்டு அழைத்து வந்தாள். பட்டனெல்லாம் பூட்டி, தலையைச் சற்றே உயர்த்தி நின்றது பிள்ளை. மறுபடியும் வாயடைத்தது — இந்த முறை காரணமே வேறு. இது நம் வீட்டு வாலுதானா? மரியாதைக்கு எழுந்து நிற்கலாமா என்று தோன்றியது. எழுந்தே விட்டேன்.

ஜூன் 9
பணிமனையில் பஸ் கியர்பெட்டியை இறக்கினோம். கையெல்லாம் கிரீஸ். அப்படியே பள்ளிக்குப் போனேன். மிளகு ஓடி வந்தாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டேன். "கிட்ட வராத கண்ணு, கோட்டு அழுக்காயிடும்." என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டே வீடு வரை நடந்தாள். வெள்ளை வெள்ளையாகவே வந்து சேர்ந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஜூன் 17
மழை. கோட்டு தப்பியது. தினமும் என் பை வாரைப் பிடித்துத்தான் நடந்து வருகிறாள்.

ஜூன் 25
"காலைல கோட்டு போட மாட்டேன்னு ஒரே அடம்," என்கிறாள் மனைவி. ஏன் என்று கேட்டேன். மிளகு திரும்பிப் படுத்துக்கொண்டாள். பள்ளி பிடிக்கவில்லையோ? இவ்வளவு செலவு செய்து — சே, அதுவா இப்போது முக்கியம்?

ஜூலை 1
எப்படி எழுதுவது இதை?

காலையில் பழைய மஞ்சள் கவுனுக்கு மேல்தான் சீருடை போடுவேன் என்றாளாம். குளிருதாம். மனைவியும் சரி என்று விட்டுவிட்டாள்.

மாலையில் நான் வழக்கம்போல் கிரீஸ் கையோடு பள்ளி வாசலில் நிற்கிறேன். மிளகு ஓடி வரவில்லை. படியில் நின்று கோட்டைக் கழற்றினாள். மடித்து மிஸ் கையில் கொடுத்தாள். அவளுக்கு மடிக்கத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. அடுத்து டை, சட்டை. கால்சட்டைக்குள் சுருட்டிச் செருகியிருந்த கவுனை வெளியே இழுத்துவிட்டாள். வந்திருந்த பெற்றோர் அத்தனை பேரும் பார்க்கிறார்கள். "என்னம்மா பண்றே?" என்கிறார் மிஸ். நேராக என் முன்னால் வந்து இரண்டு கையையும் தூக்கினாள்.

"இப்ப தூக்குப்பா."

அட மடையா. கோட்டு விலை அதிகம் என்று முதல் நாள் நான் முனகினேன். நிஜ விலையை இத்தனை நாளும் கொடுத்துக்கொண்டிருந்தது இவள். காலையிலேயே யோசித்து, நாள் முழுக்க அந்தக் கவுனை மறைத்து வைத்திருந்து... இத்தனூண்டு மண்டைக்குள் எப்படி இது உதித்தது? தூக்கிக்கொண்டு அழுதேன். யார் பார்த்தால் என்ன.

பிறகு மிஸ்ஸிடமிருந்து கோட்டை வாங்கி, என் கையாலேயே போட்டுவிட்டேன்.

"அழுக்காயிடும்பா."

"ஆகட்டும்டா." மறுபடியும் தூக்கிக்கொண்டேன்.

ஜூலை 3
மனைவி தேய்த்துத் தேய்த்து ஓய்ந்துவிட்டாள். கோட்டின் முதுகில் என் ஐந்து விரலும் இன்னும் தெரிகின்றன. "வேற வாங்கிடலாமா?" என்றேன். மிளகு கோட்டைப் பிடுங்கிக்கொண்டு கட்டிலடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஜூலை 14
இப்போதெல்லாம் அடமே இல்லை. கோட்டைப் போட்டதும் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக் கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறாள். கறை இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கிளம்புகிறாள்.