நீல விளக்கில் ஒளிர்ந்த கொடி

சாமி,

இன்று காலை ஜவுளிக்கடைக் கல்லாவில் உட்கார்ந்து, கள்ள நோட்டு பார்க்கும் விளக்கைப் போட்டேன். நோட்டுக்கு முன்னால் என் சட்டைக் கைதான் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தது. சலவையிலிருந்து வந்த வெள்ளைச் சட்டை. அதையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன் போலிருக்கிறது. எதிரே நின்ற அம்மாள், “இன்னா சார், நோட்டு செல்லாதா?” என்று கேட்டாள். நல்ல நோட்டுதான். மீதியைக் கொடுத்துவிட்டு விளக்கை அணைத்தேன்.

இதே விளக்கைத்தானே ஞாயிற்றுக்கிழமைகளில் தி. நகரிலிருந்து உன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருவேன். ராஜா அண்ணாமலைபுரத்தில் உன் வீட்டுப் பின்னறை முழுக்கப் பழைய போர்ச் சாமான்கள். தொப்பி, தண்ணீர்க் குடுவை, பதக்கம். எல்லாவற்றையும்விட உனக்குக் கொடிகள்தான் உயிர். ஊரில் எவன் போர்க்காலக் கொடி என்று எதை வாங்கினாலும் அசலா போலியா என்று கேட்டு உன்னிடம் வந்து நிற்பான். உனக்குச் சரித்திரம் தெரியும், எனக்குத் துணி தெரியும். திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு இருவரும் உட்காருவோம். “மொதல்ல போலின்னு வச்சுக்கோ. அசல்னா அதுவே வாதாடி ஜெயிக்கட்டும்” என்பாய். டீயில் ஊறவைத்துப் பழுப்பாக்கிய கொடி வந்தால் என் மூக்கருகே நீட்டி, “மொதலாளி, சக்கரை போதுமா பாரு” என்று கேட்பாய். கொண்டுவந்தவன் முகம் போகிற போக்கை நீ கவனிக்கவே மாட்டாய். அத்தனை குசும்பு உனக்கு.

உன் அப்பாவின் கொடி மட்டும் அந்த அறையில் இல்லை. அது பீரோவுக்குள், அவருடைய தகரப் பெட்டியில் இருந்தது. பர்மாப் போர்முனையிலிருந்து அவர் கொண்டுவந்த ஜப்பான் கொடி. வெள்ளைத் துணி, நடுவில் சிவப்பு வட்டம், சுற்றிலும் கறுப்பு மையில் பெயர்கள். ரங்கூன் கடைத்தெருவில் வாங்கியது என்று சொல்லியிருந்தாராம். சிறு வயதில் நீ அந்தப் பெட்டியைத் திறந்ததற்கு அறை விழுந்ததாம். அவர் உன்னை அடித்தது அந்த ஒரு தடவைதான் என்று சொல்லியிருக்கிறாய்.

உன் அம்மாவும் போன பிறகு ஒரு ஞாயிறு அதை எடுத்து வந்து என் மடியில் போட்டாய். சிப்பாய் போருக்குக் கிளம்பும்போது உறவும் அக்கம்பக்கமும் பெயரெழுதித் தருகிற கொடி என்றும், அவன் அதை மடித்துச் சட்டைக்குள்ளேயே வைத்திருப்பான் என்றும் சொன்னாய். “அவனா எடுத்துக் குடுக்க மாட்டான்டா. அசல்னா, செத்தவன் ஒடம்புலேர்ந்து உருவினது. எல்லாரும் அசலா இருக்கணும்னு வேண்டிண்டு வரா. இது போலியா இருக்கணும்னு நான் வேண்டிக்கறேன். எங்கப்பா அப்படிப்பட்டவரா இருக்கப்படாது.”

விளக்கைப் போட்டோம். போர்க்காலத்துத் துணி அந்த வெளிச்சத்தில் மங்கிக் கிடக்கும். வெளுப்பு மருந்து போட்ட பிற்காலத் துணிதான் ஒளிரும். உன் அப்பாவின் கொடி இருட்டில் நீலமாக எரிந்தது. மை ஓரங்களில் கசிந்திருந்தது. சிவப்பு வட்டத்தைச் சுற்றி இளஞ்சிவப்பாகப் படர்ந்திருந்தது. மட்டமான மை, மட்டமான சாயம், சந்தையில் விற்கச் செய்த பொருள் என்று இருவரும் ஒரே மனதாக முடிவு கட்டினோம். நீ என் தோளில் தலையை வைத்து அழுதாய். அப்புறம் எழுந்துபோய் நீயே காபி கலந்துகொண்டு வந்தாய்.

சோப்புப் பவுடரிலும் அதே மருந்து உண்டு, துவைத்தாலும் துணி ஒளிரும் என்பது நமக்குத் தெரியாததா? எவன் கொடி கொண்டுவந்தாலும் உன் முதல் கேள்வியே “தோய்ச்சேளா?” என்பதுதானே. உன் வீட்டுக் கொடிக்கு மட்டும் அந்தக் கேள்வி உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. உன் அப்பா யாரையும் தொடவிடாத துணியை யார் துவைத்திருக்கப் போகிறார்கள்?

நீ அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் அப்பா படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினாய். எனக்கு அந்தச் சுவர் பிடிக்கவேயில்லை. வந்தால் முதுகு காட்டித்தான் உட்காருவேன். நீ சிரிப்பாய்.

போன மாசியில் உன்னை அந்தக் கூடத்தில்தான் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் விளக்கு, மேலே சுவரில் கொடி. அம்மா போனதிலிருந்து அந்த வீட்டுப் படியேறாத உன் தங்கை பெசன்ட் நகரிலிருந்து வந்தாள். உன் முகத்தைப் பார்த்து அழுதவள் நிமிர்ந்தாள், சுவரைப் பார்த்தாள், அழுகை நின்றுவிட்டது.

“யாருண்ணா இதை மாட்டினா?” என்று என்னைக் கேட்டாள். “உங்கண்ணன்தாம்மா. அது போலிக் கொடி, பயமில்லை” என்றேன்.

“போலியா? அப்பா கடைசி நாள்ல அம்மாகிட்ட மட்டும் சொல்லிட்டுப் போனார். பொணத்துமேல இருந்ததுண்ணா இது. அப்பா காரியமெல்லாம் முடிஞ்சதும் அம்மா இதை பக்கெட்ல சோப்புப் பவுடர் போட்டு ஊற வச்சா. சாவுத் தீட்டு பட்ட துணியைத் தோய்க்காம ஆத்துல வச்சுக்கலாமோ? ஒரு நுனி அம்மா பிடிச்சுண்டா, ஒரு நுனி நான். பிழிஞ்சோம். தண்ணி செவப்பா வந்தது. சாயம்னு சொன்னா அம்மா.”

நான் சுவரை நிமிர்ந்து பார்த்தேன். அவளே தொடர்ந்தாள்.

“அவனைச் சுட்டது அப்பாவான்னு கேட்டேன். அம்மா இன்னொரு பிடி பவுடரைப் போட்டா.”

அந்த நீல வெளிச்சம், கசிந்த மை, படர்ந்த சிவப்பு எல்லாம் உன் அம்மாவின் கைவேலை, சாமி. போலிக்கு அடையாளம் என்று நாம் பிடித்த ஒவ்வொன்றும், அது பிணத்தின்மேல் இருந்தது என்று தெரிந்து ஒருத்தி துவைத்ததற்கு அடையாளம். உன்னைத் தூக்குவதற்கு முன்பே உன் தங்கை அதைச் சட்டத்திலிருந்து கழற்றச் சொல்லி என் கையில் கொடுத்தாள். “இந்த ஆத்துல வேண்டாம். நீங்களே கொண்டு போயிடுங்கோ.”

துக்க வீட்டிலிருந்து அதோடு போய் என் வீட்டு வாசலில் நின்றேன். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளச் சொன்ன என் மனைவி, கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு பக்கெட்டை என் பக்கம் தள்ளினாள். “அதையும் நனைச்சுட்டு உள்ள கொண்டாங்க.” நான் நனைக்கவில்லை. ஏற்கெனவே துவைத்ததில் பாதிப் பெயர்கள் கரைந்துபோயிருந்தன. மிச்சத்தையும் கரைக்க என் கைக்குத் துணிவில்லை. அதற்காக அவள் என்னோடு வெகுநாள் சரியாகப் பேசவில்லை.

இப்போது அது என் பீரோவில் என் வேட்டிகளோடு இருக்கிறது. பெயர்களைப் படிக்கத் தெரிந்தவர் யாரையாவது தேட வேண்டும். தேடவில்லை. எது அந்தச் சிப்பாயின் பெயர், எது அவன் அம்மா பெயர் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் எப்படித் தூங்குவது? நீ நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தாய். அதில் எனக்குச் சந்தோஷம்தான், நிஜமாகவே. உன்னிடம் இருந்த பயம் முழுசாக என்னிடம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் பீரோவைத் திறக்கிறேன். நீ சொன்ன மாதிரியே முதலில் போலி என்று வைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு தடவையும் அசல்தான் வாதாடி ஜெயிக்கிறது.