விலைச் சீட்டுக்குக் கீழே இருந்த வரி

பிப்ரவரி 3

கடைக் கவுண்டரில் நின்று விற்கும் அக்காவுக்கு ஐந்தாம் மாதம். ஏப்ரல் கடைசியில் நின்றுவிடுவாராம். உள்ளே விலைச் சீட்டு ஒட்டும் நான் அந்த இடத்துக்கு வரட்டுமா என்று கடை மேடத்திடம் கேட்க ஒரு வாரம் ஒத்திகை பார்த்தேன். இன்று கேட்டே விட்டேன். பருவை மறைக்க நான் போடும் மாஸ்க்கை இறக்கச் சொல்லி முகத்தைப் பார்த்தார். "அழகுப் பொருள் விக்கிற கடைம்மா இது. முகம் தெளியட்டும், பார்க்கலாம்."

முடியாது என்று சொல்லவில்லையே. பார்க்கலாம் என்றுதானே சொன்னார்? இன்னும் எண்பது நாளுக்கு மேல் இருக்கிறது.

பிப்ரவரி 5

வாடிக்கையாளர்கள் தொட்டுப் பார்க்க வைக்கும் புட்டிகளை மாதா மாதம் மாற்றுவார்கள். பழையது எங்களுக்கு. வழக்கமாகக் கூச்சப்பட்டு ஒதுங்கி நிற்பேன். இந்த முறை நான்கு எடுத்தேன்: வைட்டமின் சி, சாலிசிலிக் அமிலம், கிளைகாலிக் அமிலம், ரெட்டினால். பெட்டியும் இல்லை, உள்ளே வைக்கும் தாளும் இல்லை. முகம் கழுவி நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசினேன்.

அப்பா வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். கேட்க வேண்டுமா. "பட்டி, பிரைமர், ரெண்டு கோட்டு. உன் மூஞ்சி என்ன சுவரா?"

சிரிக்கட்டும். பத்தாவதோடு ஏன் நின்றேன் என்று கேட்டவர்களிடம் படிப்பு ஏறவில்லை என்றேன். படிப்பு நன்றாகத்தான் ஏறியது. பாடம் வாசிக்க எழுந்தால் பின்வரிசையில் "சீத்தாப்பழம்" என்பார்கள். முகப்பருவுக்கு அவர்கள் வைத்த பெயர். இனி யாரும் சொல்ல மாட்டார்கள்.

பிப்ரவரி 9

எரிகிறது. எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

பிப்ரவரி 15

வெறும் தண்ணீர் பட்டாலே எரியுது. கன்னத்துத் தோல் வெங்காயச் சருகு மாதிரி உரியுது. சிரித்தால் வாயோரம் வெடிக்கிறது. சிரிக்க என்ன இருக்கு இப்போ? அம்மா பார்த்துவிட்டு, "அடுப்புல மூஞ்சிய வெச்சியாடி?" என்றார். போய்ப் படுத்துக்கொண்டேன். இது ஆறுவதற்குள் எண்பது நாளில் பாதி போய்விடும். கெடுத்துக்கொண்டேனே. நானே, என் கையாலேயே.

பிப்ரவரி 16

ரெட்டினால் பெட்டி ஒன்றில் விலைச் சீட்டு கோணலாக ஒட்டிவிட்டது. உரித்தேன். அடியில் பொடி எழுத்தில் நான்கு வரி: இரவில் மட்டும். அமிலங்களோடு சேர்க்க வேண்டாம். பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம். கர்ப்பிணிகள் தவிர்க்கவும்.

இன்னொரு பெட்டியை உரித்தேன். அதிலும் அப்படியே.

பெட்டியின் பின்பக்கம், வலது கீழ் மூலை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மேடம் காட்டிய இடம் அது. ஏழு மாதமாக அங்கேயே ஒட்டுகிறேன். எத்தனை பெட்டி வெளியே போயிருக்கும்? எத்தனை முகம்?

பழைய புட்டிகளைப் பங்கு போட்ட அன்று கவுண்டர் அக்காவும் ஒரு ரெட்டினால் எடுத்தார்.

பிப்ரவரி 17

கடைப் பூட்டைத் திறக்கும் முன்பே அக்காவைப் பிடித்தேன். அழுகை வந்துவிட்டது. "அக்கா, அதைப் போடாதீங்க. வயித்துல பாப்பா இருக்கும்போது போடக் கூடாதாம். நான்தான் அதுமேல சீட்டு ஒட்டி மறைச்சிருக்கேன்."

அவர் முகம் வெளுத்தது. அப்புறம் என் தோளைப் பிடித்து, "முதல்ல மூச்சு விடு. ரெண்டு தடவைதான் போட்டேன்," என்றார். மதியம் டாக்டரிடம் போய் வந்தார். நிறுத்தினால் போதுமாம், பயப்பட ஒன்றுமில்லையாம். "ஏழு மாசத்துல நீ இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லடி."

பிப்ரவரி 18

மேடத்திடமும் சொன்னேன்.

"எல்லாக் கடையிலயும் அங்கதான் ஒட்டுறாங்க."

"நான் மாத்தி ஒட்டிடறேன் மேடம். என் சாப்பாட்டு நேரத்துல."

"முதல்ல மாஸ்க்கை ஏத்து. உன் மூஞ்சியைப் பார்த்தா நம்ம கடைச் சரக்கு பண்ணின வேலைன்னு நினைச்சுக்கப் போறாங்க."

"நம்ம கடைச் சரக்குதான் மேடம்."

எப்படி என் வாயில் அது வந்தது? அக்கா வேறு பக்கம் திரும்பி இருமினார். மேடம் என் கன்னத்தை உற்றுப் பார்த்தார். பிறகு, "சாப்பிட்டுட்டே செய். மயங்கி விழுந்து தொலைக்காதே," என்றார்.

பிப்ரவரி 20

நான்கு புட்டியையும் மேல் தட்டில் ஏற்றிவிட்டேன். இனி பேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், காலையில் சன்ஸ்கிரீன். எரிச்சல் முழுதாக அடங்கும்வரை வேறு எதுவும் கிடையாது. அடங்கிய பிறகு ஒன்றே ஒன்று. எதைப் போட்டேன், என்ன ஆனது என்று இதில் எழுத வேண்டும்.

"ஒரு கோட்டு காயணும், அப்புறம்தான் அடுத்தது," என்றார் அப்பா. சுவர் தானாக உரிந்து தானாக வளருமா அப்பா? என் தோல் வளரும். காத்திருப்பேன்.

மார்ச் 2

ஹேர் டிரையரில் சூடு காட்டினால் சீட்டு கிழியாமல் வருகிறது. இன்று அறுபத்தொரு பெட்டி.

மார்ச் 21

எரிச்சல் நின்று பத்து நாள் ஆகிறது. இன்று முதல் ரெட்டினால். வாரத்தில் இரண்டு இரவு, ஒரு பட்டாணி அளவு. ஈரம் காய்ந்த முகத்தில் முதலில் மாய்ஸ்சரைசர், அதன்மேல் இது.

ஏப்ரல் 4

தாடையில் புதிதாக ஒரு பரு. சாலிசிலிக் புட்டியைக் கையில் எடுத்துவிட்டேன். கை துறுதுறுக்கிறது. இன்று ரெட்டினால் நாள். வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 28

அக்காவின் கடைசி நாள். பருக்கள் பெரும்பாலும் அடங்கிவிட்டன. ஆனால் இரண்டு கன்னத்திலும் வெந்த இடம் பழுப்பாக நிற்கிறது. நானே போய் மேடத்தின் முன்னால் மாஸ்க்கைக் கழற்றினேன்.

"தெளியலையே."

"இல்ல மேடம். இன்னும் பல மாசம் ஆகும். ஆனா எதை எதோட போடக் கூடாதுன்னு தெரியும்."

"ஆள் கிடைக்கிற வரைக்கும் நில்லு. ரெண்டு வாரம்."

மே 3

கல்லூரிப் பெண்ணோடு ஓர் அம்மா வந்தார். மூன்று புட்டிகளைக் கவுண்டரில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "நீயே இதத்தான் போடறியா? அப்புறம் ஏன்மா கன்னத்துல இப்படி?"

மாஸ்க் பையில் இருந்தது. கை அந்தப் பக்கம் போனது உண்மை.

"இப்படி எல்லாத்தையும் ஒண்ணா போட்டதால வந்ததுங்க. இப்போதைக்கு ஒண்ணு மட்டும் வாங்குங்க. கூட சன்ஸ்கிரீன். ஒரு மாசம் பார்த்துட்டு அடுத்ததுக்கு வாங்க." பெட்டியைத் திருப்பி அந்த வரிகளைக் காட்டினேன். அந்தப் பெண் சத்தமாக வாசித்தாள்.

இரண்டு புட்டிகள் அலமாரிக்குத் திரும்பின. மேடம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். போச்சு என்று நினைத்தேன். அவர் அடுத்த பில்லைப் போடத் திரும்பினார்.

மே 12

இரண்டு வாரம் முடிந்தது. மேடம் தேதியை மறந்துவிட்டாரா? நான் ஞாபகப்படுத்த மாட்டேன்.

ஜூன் 4

கவுண்டருக்குக் கீழே குனிந்து பெட்டி எடுத்துக்கொண்டிருந்தேன். மேலே ஒரு குரல்: "கன்னத்துல தழும்போட ஒரு பொண்ணு நிப்பாளே, அவ இல்லையா? என் பொண்ணுக்கு அடுத்த புட்டி வாங்கணும். அவகிட்ட கேட்டுட்டுத்தான் வாங்குவேன்."

"இருக்கா," என்றார் மேடம்.

எழுந்து நின்றேன்.