மூன்று கட்டம் வெளிச்சம், ஒரு கட்டம் இருட்டு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது,

இங்கே என் இடது முழங்காலைத் தவிர எல்லாம் நலம், அங்கே உன் இருமலைத் தவிர எல்லாம் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். ஈரத் தலையோடு வேலைக்குக் கிளம்பாதே என்று எத்தனை தடவை சொன்னாலும் நீ கேட்கப் போவதில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன், கிடங்கில் நாள் பூராவும் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டு குளிரில் நிற்கிறவளுக்கு ஈரத் தலை ஆகாது. அப்பா சுகம். அவருக்குப் புதுப் பல்செட் வந்திருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டு பேசினால் வேறு யாரோ பேசுகிற மாதிரி இருக்கிறது, கழற்றிவிட்டுப் பேசினால் ஒன்றுமே புரிவதில்லை. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு, போனில் அந்த ஆளைப் பற்றி வாயெடுத்தாலே நீ விட்டுடும்மா என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார். தூக்கிப் போட்டாலும் மறுபடி எடுத்துப் படிப்பாய், உன்னை எனக்குத் தெரியும். நான் விடவில்லை கண்ணு. இந்த இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட விடவில்லை.

நீ கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டுப் போன உன் வரைகிற டேப்லட்டை நான் எடுத்துக்கொண்டேன். அதற்குள் அப்பா அதை ஏதோ தட்டு என்று நினைத்துக் கொதிக்கிற கெட்டிலை அதன்மேல் வைத்துவிட்டார், மேல் மூலையில் வட்டமாக ஒரு தழும்பு இருக்கிறது, மற்றபடி வேலை செய்கிறது. அதை வைத்து நான் முகம் வரையக் கற்றுக்கொண்டேன். சிரிக்காதே. ஆஸ்பத்திரி பதிவுக் கவுன்டரில் முப்பது வருஷம், மூன்று நகல் விழவேண்டும் என்று கார்பன் தாள் வைத்து அழுத்தி அழுத்தி எழுதிய கை இது. மெல்லத் தொட்டால் மெல்லிய கோடு, அழுத்தினால் தடித்த கோடு என்பது இந்தக் கைக்குப் புரியவே இல்லை, மூக்கு போடப் போனால் தூண் வந்து நின்றது, முதல் மாதத்திலேயே இரண்டு பேனா முனை தேய்ந்து போயிற்று. கை மேஜையில் போகிறது, கோடு திரையில் வருகிறது, கையைக் குனிந்து பார்த்தால் கோடு கோணிக்கொள்கிறது. முதன்முதலில் அப்பாவைத்தான் வரைந்தேன். அவர் பார்த்துவிட்டு இது யாரு, உங்க பக்கத்துச் சொந்தமா என்று கேட்டார். அன்றைக்கு அவருக்கு டீ கிடையாது.

யாரிடம் கற்றுக்கொண்டேன் என்று கேள். மெழுகிடம். ஆமாம், நீ வேலை பார்த்த அந்த ஸ்டூடியோக்காரனிடமேதான். எந்த முகத்தைக் கொடுத்தாலும் சுருக்கத்தையெல்லாம் தேய்த்து மெழுகு பொம்மை ஆக்கிவிடுகிறான் என்று நீதானே அவனுக்கு அந்தப் பேர் வைத்தாய். சாலை வேலை நடக்கிற இடத்தில் உச்சி வெயிலில் சிவப்புக் கொடி பிடித்து நிற்கிற அந்த அம்மாவை நீ போட்டோ எடுத்துவந்து மாதக்கணக்கில் உட்கார்ந்து வரைந்தாய், அவன் தன் பேரைப் போட்டு ஓவியச் சங்கத்துக்கு அனுப்பினான், முதல் பரிசு என்று சொல்லி நகர மண்டபத்துக் கூடத்தில் மாட்டினார்கள். நீ போய்க் கேட்டதற்கு, நீ வெறும் நிறம் நிரப்பினவள்தானே என்றான். உன் சாமான்களை எடுத்துவரப் போன அப்பாவிடம், உங்க பொண்ணுக்குக் கை இருக்கு சார், பார்வைதான் இல்லை என்று நாலு பேர் கேட்கச் சொன்னான். அப்பா அதை என்னிடம் சொல்லவே ஒரு வாரம் ஆயிற்று. அதற்கப்புறம் நீ பேனாவைத் தொடவில்லை, இங்கே இருக்கவும் பிடிக்காமல் அவ்வளவு தூரம் போய்விட்டாய். அவன் வாசலில் ஆள் தேவை என்று பலகை மாட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு வந்து, போய்க் கேளு போய்க் கேளு என்று உன்னைப் பிடித்துத் தள்ளியது நான். அது எனக்குள் எப்படி எரிந்துகொண்டிருக்கும் என்று நீ ஒரு நாளாவது நினைத்துப் பார்த்தாயா?

அவன் ஆறு மாத வகுப்பு நடத்தப்போகிறான் என்று நோட்டீஸ் வந்தது, கம்ப்யூட்டரில் முகம் வரைய, எந்த வயதினரும் சேரலாம் என்று. எந்த வயதினரும் என்று அவனே எழுதியிருக்கும்போது எனக்கென்ன. அவன் உன் அப்பாவைத்தான் பார்த்திருக்கிறான், என்னைப் பார்த்ததே இல்லை. பேருக்கு முன்னால் என் அப்பாவின் இனிஷியலைப் போட்டுச் சேர்ந்துவிட்டேன், பொய் ஒன்றும் சொல்லவில்லை, கல்யாணத்துக்கு முன்னால் அதுதானே என் இனிஷியல். போய் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. வாரம் ஒருமுறை அவன் முகத்தைக் கிட்டே இருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், எங்கேயாவது வழுக்குவான், அப்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. வாய் நிறைய சார் சார் என்று கூப்பிட்டேன். கூப்பிடும்போதெல்லாம் நாக்கில் வேப்பெண்ணெய் தடவின மாதிரி இருந்தது. அவனும் என்னை ஆர்வமுள்ள மாணவி என்று எல்லாரிடமும் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டான்.

இப்போது கவனமாகப் படி. நாலாவது மாதம் கண் வரையச் சொல்லிக்கொடுத்தான். கருவிழிக்கு மேல் ஒரு வெளிச்சம் வைத்தால்தான் கண்ணுக்கு உயிர் வரும், அதை எல்லாவற்றுக்கும் மேலே வருகிற கடைசி அடுக்கில், லேயர் என்பார்கள், அதில் தனியாக வைக்க வேண்டும் என்றான். வீட்டுக்கு வந்து சமையலறை மேஜையில், நீ உட்காரும் அதே இடத்தில், கண்ணாடியை நிறுத்திவைத்து என் கண்ணையே பார்த்து வரைந்தேன். நன்றாக உற்றுப் பார்த்தால் கண்ணில் இருக்கிற வெளிச்சம் பொட்டு மாதிரி இல்லை, எதிரில் இருக்கிற நம் ஜன்னல்தான் அப்படியே குட்டியாகத் தெரிகிறது. நாலு கட்டம். மூன்றில் கண்ணாடி, வெளிச்சம். நாலாவதில்தான் உடைந்த கண்ணாடிக்குப் பதிலாக அப்பா பலகை அடித்துப் புகை போக்கும் ஃபேன் வைத்தாரே, ஃபேன் நீ பள்ளிக்கூடம் சேருமுன்பே போய்விட்டது, பலகையும் ஓட்டையும் இன்னும் நிற்கிறது. ஆக ஒரு கட்டம் இருட்டு, அதன் நடுவில் வெளிச்சமாக ஒரு புள்ளி. அதைப் பார்த்ததும் எனக்குக் கை நின்றுவிட்டது. நீ சின்னப் பெண்ணாக என்னை எதிரே உட்காரவைத்து, அசையாதேம்மா அசையாதேம்மா என்று வரைந்து பழகியது அந்த மேஜையில்தான். கண்ணில் வெளிச்சம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று உன் கைக்குப் பழகிவிட்டது. கல்யாணப் பெண்ணை வரைந்தாலும் கால்பந்துக்காரனை வரைந்தாலும் அதைத்தான் வைத்திருக்கிறாய், உன் பழைய நோட்டையெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டேன், ஒன்றுகூடத் தப்பவில்லை. அடுத்த வகுப்பில் அவன் பரிசுப் படத்தைப் பெரிய திரையில் போட்டுச் சுருக்கம் எப்படிப் போடுவது என்று அளந்துகொண்டிருந்தான். எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை சார் என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்த் திரைக்குப் பக்கத்தில் நின்றேன். கொட்டுகிற வெயிலில், நடுரோட்டில், நாலா பக்கமும் சுவர் இல்லாத இடத்தில் நிற்கிற கொடிக்காரம்மாவின் இரண்டு கண்ணிலும் நம் சமையலறை ஜன்னல்! மூன்று கட்டம் வெளிச்சம், ஒரு கட்டம் இருட்டு, நடுவில் புள்ளி.

அங்கேயே கத்தியிருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். நான் கத்தினால் கிழவிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று முடித்துவிடுவான், அவன் வாயாலேயே வரவேண்டும். இரண்டு மாதம் பொறுத்தேன். வகுப்பு முடிகிற நாளில் எல்லார் படத்தையும் திரையில் போட்டுப் பேசுவான், ஓவியச் சங்கச் செயலாளரை விருந்தினராகக் கூப்பிட்டிருந்தான். அந்த நாளுக்காக நான் அப்பாவைப் பள்ளிக்கூட மைதானத்தின் நட்டநடுவில் வெயிலில் நிறுத்தி வரைந்தேன், மனுஷன் பல்செட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு முணுமுணுத்தபடியே நின்றார். வீட்டுக்கு வந்து அவர் கண்ணில், வேண்டுமென்றே, நம் ஜன்னலை வைத்தேன், ஒரு கட்டம் விடாமல்.

என் படம் திரைக்கு வந்தது. அவன் ஒரு பார்வை பார்த்தான், வாயெல்லாம் பல்லாகிவிட்டது. விருந்தினர் முன்னால் தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட இதைவிட வசதியாக எது கிடைக்கும். எல்லாரும் இந்தக் கண்ணைப் பாருங்க, மைதானத்துல நிக்கிறவர் கண்ணுல ஜன்னல் எங்கேருந்து வந்துச்சு, வீட்டுக்குள்ளயே உக்காந்து பழகினவங்க பண்ற தப்பு இது, தொழில் தெரிஞ்சவன் கை சாகுற வரைக்கும் இதைப் பண்ணாது என்று சொன்னான். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்படியா சார், அப்படின்னா உங்க பரிசுப் படத்துல வெயில் வெளிச்சத்தை எப்படி வச்சீங்கன்னு ஒரு தடவை பெரிசாக்கிக் காட்டுங்க, திருத்திக்கிறேன் என்று கேட்டேன். அவன் நேரமாகிவிட்டது என்றான். செயலாளரோ நல்ல கேள்வி, காட்டுங்க என்றுவிட்டார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தது அந்த வகுப்பிலேயே என்னோடு படித்த பல் டாக்டரம்மா, அப்பாவுக்குப் பல் கட்டியவர். சொத்தையைத் தேடுகிற மாதிரி பொறுமையாகக் கண்ணைப் பெரிசாக்கிக்கொண்டே போனார். சுவர் முழுக்க ஒரு கண். அதற்குள் ஜன்னல்.

நான் எழுந்துபோய் என் போனில் எடுத்து வைத்திருந்த நம் ஜன்னல் போட்டோவைச் செயலாளர் கையில் கொடுத்தேன். ஜன்னலில் பலகை இடது பக்கம் இருக்கிறது, கண்ணில் பிரதிபலிக்கும்போது வலது பக்கம் போகும், படத்தில் வலது பக்கம்தான் இருக்கிறது பாருங்கள் என்றும் சொன்னேன். அவர் போனைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். இது யார் வீட்டு ஜன்னல் என்று கேட்டார். என் வீட்டு ஜன்னல், அந்தப் படத்தை வரைந்தவள் என் மகள் என்றேன். மெழுகு உருக ஆரம்பித்தது. இல்லை இல்லை, அது இந்த ஸ்டூடியோ ஜன்னல்தான், பழக்கதோஷத்தில் வந்திருக்கும் என்றான். டாக்டரம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இங்கே ஜன்னலே இல்லையே சார், நாலு பக்கமும் கறுப்புத் துணிதானே என்றார். அவன் தடுமாறிப் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். நான் நிதானமாக அவன் பக்கத்தில் போய், என் பொண்ணுக்குக் கை மட்டும் இல்லை சார், பார்வையும் இருக்கு, உங்களுக்குத்தான் இரண்டு வருஷமா அது தெரியலை என்று சொன்னேன். சார் என்று அவனைக் கூப்பிட்டது அதுதான் கடைசி.

பாவமாக இல்லையா என்று கேட்பாய். உன்னிடம் பொய் சொல்லமாட்டேன், அவன் தடுமாறி நாற்காலியைப் பிடித்தபோது ஒரு நிமிஷம் இருந்தது. உடனே அப்பா அந்த ஒரு வாரம் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோன முகம் ஞாபகம் வந்தது, சரியாகப் போய்விட்டது. வீட்டுக்கு வந்ததும் டேப்லட்டை எடுத்து அவன் முகத்தை வரைந்தேன். உதட்டில் இருந்து நிறம் எப்படி வடிந்தது, கன்னம் எப்படிச் சாம்பல் பூத்தது, எல்லாம் கண்ணிலேயே நின்றது. ஒரு சுருக்கத்தையும் தேய்க்கவில்லை. நான் வரைந்ததில் அச்சு அசலாக வந்த முதல் முகம் அதுதான். அவன் கண்ணில் என்ன வெளிச்சம் வைத்திருப்பேன் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. அப்பா பார்த்துவிட்டு, இந்தத் தடவை யாரு என்று கேட்கவில்லை.

மறுநாள் நானும் அப்பாவும் நகர மண்டபத்துக்குப் போனோம். படத்தைக் கழற்றிவிட்டார்கள், சுவரில் ஆணி மட்டும் நிற்கிறது. இரண்டு பேரும் அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றோம், வழியில் நிற்கிறோம் என்று காவலாளி நகரச் சொல்லும்வரை. செயலாளர் நல்லவர்தான், ஆனால் விதி என்று ஒன்று சொல்கிறார். அம்மா சொல்வது போதாதாம். படம் என்னுடையது என்று நீ கைப்பட எழுதி, நீ எடுத்த கொடிக்காரம்மா போட்டோவையும் சேர்த்து இந்த மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டுமாம். அனுப்பாவிட்டால் விசாரணையை மூடிவிட்டு அவன் பேரோடு திரும்ப மாட்டிவிடுவார்கள். என்னால் ஆனதெல்லாம் செய்துவிட்டேன், அவன் மூக்கை உடைத்து நிறுத்தியிருக்கிறேன், இதற்குமேல் உன் கையெழுத்தை நான் போட முடியாது. அப்படியும் போட்டுவிடலாமா என்று யோசித்தேன், அப்பா பேனாவையும் தாளையும் பிடுங்கி வைத்துக்கொண்டார். விட்டுடும்மா என்று மட்டும் பதில் எழுதாதே. எழுதினால் நான் கிளம்பி அங்கே வந்து உன் கிடங்கு வாசலில் உட்காருவேன், முழங்கால் வலியோடு, செய்யக்கூடியவள்தான் என்று உனக்குத் தெரியும்.

நன்றாக இரு. வேளைக்குச் சாப்பிடு. உன் கைக்கு எந்தக் குறையும் வராமல் நீ நினைத்ததெல்லாம் நடக்கட்டும் என்று நானும் அப்பாவும் மனசார வாழ்த்துகிறோம். இன்று காலை அப்பா கண்ணாடிக்காரரைக் கூட்டிவந்து அந்த நாலாவது கட்டத்துக்கு அளவெடுக்கச் சொன்னார், சாரல் அடித்து அடுப்பெல்லாம் நனைகிறதாம். அளவு நாடாவை விரிப்பதற்கு முன்னாலேயே அவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அந்த ஆணியில் படம் மறுபடி ஏறி, கீழே உன் பேர் வந்த பிறகு கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். அதுவரை மழை உள்ளேயே பெய்யட்டும், நான் குடை பிடித்துக்கொண்டு சமைக்கிறேன்.

விட்டுவிடத் தெரியாத
உன் அம்மா