மணலில் வாங்கிய திட்டு

செல்ல மகள் பொடிசுக்கு,

அம்மா எழுதுவது. அப்பா நலம். எட்டு மாதமாக இதை எழுதியபோதெல்லாம் பொய்தான் எழுதினேன். இன்று எழுதுவது நிஜம். போனில் சொன்னால் அழுது தொலைப்பேன் என்றுதான் கடிதம்.

மணலில் சக்கர நாற்காலி போகாது, நாலு பேர் வேடிக்கை பார்ப்பார்கள், கடற்கரைக்கு அப்பாவைக் கூட்டிப் போகாதே என்று தலைபாடாக அடித்துக்கொண்டாய். நான் என்றைக்கு யார் பேச்சைக் கேட்டேன்? பக்கவாதம் வந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிற மனுஷனை இன்னும் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவரும், இனிமேல் வந்தால் உண்டு என்று கையை விரித்துவிட்டார்.

சனிக்கிழமை கிளம்பினோம். முதல் நாளே சைக்கிள் கடையில் நாற்காலியின் பெரிய டயர் இரண்டிலும் கல்லு மாதிரி காற்று அடித்து வைத்திருந்தேன். எல்லாம் என் கெட்டிக்காரத்தனம்.

கடற்கரையில் எள் போட்டால் விழாத கூட்டம். குடையும் துண்டுமாக மணலே தெரியவில்லை. நடைபாதையை விட்டு நாலடி போயிருப்போம், சக்கரம் புதைந்துவிட்டது. தள்ளத் தள்ள இன்னும் இறங்கியது. நீ சொன்ன நாலு பேர் நாற்பது பேராகிப் பார்த்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

அப்போது நாற்காலியிலிருந்து ஒரு குரல். "லூசு. காத்த எறக்குடி."

முப்பது வருடம் லாரி ஓட்டியவர் அல்லவா? மணலில் வண்டி சிக்கினால் டயரில் பாதிக் காற்றை இறக்க வேண்டும் என்பது உடம்பில் ஊறிப்போனது. நான் வாயைப் பிளந்து நின்றதைப் பார்த்து மறுபடியும் திட்டினார். நாக்கு குழறியது, திட்டு குழறவில்லை.

கொண்டை ஊசியால் டயர் வால்வை அழுத்திக் காற்றை இறக்கினேன். குடை வாடகைக்கு விடுகிறவர் ஓடி வந்து கை கொடுத்தார். அப்பா இடது கையால் காட்டியபடி நாற்காலியைத் திருப்பி, பின்பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனோம். கூட்டம் துண்டுகளைச் சுருட்டி வழிவிட்டது. அலை வந்து அப்பாவை முட்டி வரை நனைத்தது. அவர் சிரித்தார். நான் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் திட்டு வாங்கிச் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

நேற்றிலிருந்து தனியாக எதையோ சொல்லிப் பழகுகிறார். நான் உள்ளே போனால் நிறுத்திவிடுகிறார். கதவோரம் நின்று கேட்டேன். உன்னைக் கூப்பிடுகிற பெயர்தான். பாதி வருகிறது.

கடிதம் கிடைத்ததும் ஞாயிறு காலை போன் செய். நான் எடுக்க மாட்டேன். எவ்வளவு நேரம் சத்தமே வராவிட்டாலும் வைத்துவிடாதே, கண்ணு.

நன்றாக இரு.

லூசு என்று பட்டம் வாங்கிய
உன் அம்மா